கிணற்றடியில் பதிந்த கால்

எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் ஆகஸ்டிலேயே கிறிஸ்மஸ் வந்தது. மைசூரில் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பெயர்ந்த தரையைப் பூசுவார்கள். அந்த வருஷம் தசராவுக்கே இரண்டு மாதம் இருக்கையில் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறிவிட்டார். நாடு சுதந்திரம் அடைந்து மூன்று வருஷமோ நான்கு வருஷமோ ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. பண்டிகை சீக்கிரம் வருகிறது என்றால் எந்தக் குழந்தை காரணம் கேட்கும்?

காரணம் ஒரு மாதத்துக்கு முன்பே எங்கள் வாசலில் வந்து நின்றிருந்தது. தலை பாதி நரைத்த ஒரு அம்மாள், கையில் ஒரு துணிப்பை. கதவைத் திறந்த அம்மாவிடம், "இது எங்க வீடும்மா" என்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை. அம்மா அவளை உள்ளே உட்காரவைத்து, என்னை வெளியே விளையாடப் போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள். அவள் போன பிறகு அம்மாவின் கண் சிவந்திருந்தது. அடுத்த வாரம் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது.

வீட்டைக் கட்டியவர் அந்த அம்மாளின் புருஷன். யுத்தத்துக்கு முன்னால் வேலைக்காகக் குடும்பத்தோடு ரங்கூன் போனார். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, அவருடைய தம்பி, 'அண்ணன் குடும்பம் பூண்டோடு போய்விட்டது, வாரிசு நான்தான்' என்று கள்ளக் காகிதம் காட்டி வீட்டை அப்பாவுக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டே மறைந்துபோனான். அம்மாவின் நகை முழுக்க அந்த வீட்டுக்குள் போயிருந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. இப்போது செத்துப்போனதாகச் சொன்னவள் உயிரோடு வந்துவிட்டாள். ஆனால், அவள்தான் இவள் என்று சொல்ல அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் பர்மாவில் போயிற்று. அவர்கள் இருந்த காலத்தில் அந்தத் தெருவில் வேறு வீடும் இல்லை, சாட்சி சொல்ல ஆளும் இல்லை.

அம்மாவின் தம்பி, கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த மாமா, தினமும் சாயங்காலம் வந்து எங்களைப் பயமுறுத்திவிட்டுப் போவார்.

"திருட்டு வாட்சை நீங்க யோக்கியமா வாங்கியிருந்தாலும் போலீஸ்காரன் வாட்சைத்தான் எடுத்துக்கிட்டுப் போவான் அத்தான். உடைமைக்காரிக்குத்தான் பாத்தியதை."

"வாட்சைக் கழட்டிக் குடுத்துடலாம் மாப்ளே. வீட்டுக்குள்ள என் பொண்டாட்டி பிள்ளை இருக்காங்களே, அவங்களை எங்கே கழட்டி வைக்கிறது?" என்றார் அப்பா. அம்மா அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த அம்மாள் மனுவில் ஒரே ஒரு அடையாளம் சொல்லியிருந்தாள். கிணற்றடியில் சிமெண்ட் பூசிய அன்று அவளுடைய மகள் ஈரத்தில் கால் வைத்துவிட்டாளாம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்த இடது கால் இருக்கும். 'நான் வாழாத வீடு என்றால் இது எனக்கு எப்படித் தெரியும்?' என்று மனுவிலேயே கேட்டிருந்தாள். கோர்ட் ஒரு வக்கீலை நேரில் பார்த்துவர நியமித்தது. இதை மாமா வாசித்ததைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அது என் கால். நான் குழந்தையாக இருந்தபோது வைத்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். குளிக்கும்போதெல்லாம் அதில் தண்ணீரை நிரப்பி, என் கால் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று பார்த்துக்கொள்வேன். வீட்டைக் கேட்கிறாள், சரி. என் காலையுமா திருடுவாள்?

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவர். பொய் சொல்ல வாய் வராது. ஆகவே 'அப்படி ஒரு தடம் இல்லை' என்று எங்கள் வக்கீல் எழுதிய பதிலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதை உண்மையாக்கிவிடத் தீர்மானித்தார். அதற்குத்தான் அந்த ஆகஸ்ட் கிறிஸ்மஸ். நான்கு சுவருக்கும் சுண்ணாம்பு. கிணற்றடிக்கு இரண்டு விரல் கனத்துக்குப் புதுச் சிமெண்ட்.

பூசி முடித்து அப்பா கைகழுவப் போனார். நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். என் கால் போய்விட்டது. நாளைக்கு வக்கீல் வந்து கேட்டால் எதைக் காட்டுவது? அப்பாவுக்கு இவ்வளவுகூட யோசனை இல்லையே என்று வருத்தமாக இருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஜில்லென்ற சிமெண்டில், என் காலை நன்றாக அழுத்தி வைத்து எடுத்தேன். சொரசொரப்புக்கூட இல்லாமல் அழகாகப் பதிந்தது. அதன்மேல் ஈரச் சாக்கையும் நானே போர்த்தினேன். அப்பா வந்து பார்த்துவிட்டுக் கெட்டிக்காரி என்று என் தலையைத் தட்டினார்.

மூன்றாம் நாள் கோர்ட் அனுப்பிய வக்கீல் வந்தார். கன்னடக்காரர், சின்ன வயசு. கூடவே அந்த அம்மாளும். அப்பா சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அம்மா ஜெபமாலையை முந்தானைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பளிச்சென்ற சுவர்களைப் பார்த்து வக்கீல் சிரித்தார்.

"ஏன் சார், நிம்ம ஹப்ப டிசம்பர்ல அல்வா?"

பண்டிகை டிசம்பரில்தானே என்ற அந்தக் கேள்விக்கு அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ முனகினார். எல்லோரும் கிணற்றடிக்குப் போனோம். இங்கே ஒன்றும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே அப்பா சாக்கை எடுத்தார்.

அங்கே ஒரு கால் இருந்தது.

அப்பாவின் முகம் சுவரைவிட வெளுத்தது. வக்கீல் பென்சிலை எடுத்தார். அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது பெரிய பிள்ளை கால். அதுவும் வலது கால். எங்க பாப்பா வெச்சது இல்லைங்க" என்றாள். வக்கீல் எழுத ஆரம்பித்தார்.

அப்போதே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு எங்களுக்கு நின்றிருக்கும். ஆனால் யாருமே என் கட்சியைச் சொல்லவில்லையே! நான் முன்னால் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

"இதுவும் என் கால், பழசும் என் கால்! பழசு அடியில இருக்கு. அப்பா மேலே பூசிட்டாங்க!"

அப்பா என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து அவரே குத்தினார். மூன்று நாள் சிமெண்ட். என் கால் நடுவில் உடைந்து பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் அந்தச் சின்ன இடது கால் ஐந்து விரலோடு அப்படியே இருந்தது.

அந்த அம்மாள் ஈரத்தில் உட்கார்ந்து, மண்ணைத் துடைத்துவிட்டு, அதில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"நாங்க எங்கேம்மா போவோம்?" என்றாள் அம்மா. கோபமாக அல்ல, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"நானும் இத்தனை வருஷம் அதைத்தான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் அந்த அம்மாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா" என்றாள்.

கோர்ட் அவள் பக்கம் தீர்த்தது. என் பள்ளிக்கூடத்து வருஷம் முடியும்வரை இருக்கும்படி அவள் சொன்னாள்; அவளே வக்கீலிடம் எழுதிக் கொடுத்தாள் என்று மாமா பின்னால் ஆச்சரியப்பட்டார். அந்த டிசம்பரில் எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. கோடையில் ஒரு மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, ஒரு வாடகை வீட்டின் ஒற்றை அறைக்குப் போனோம். அப்பா அதற்குப் பிறகு வேதபாடம் நடத்தவில்லை.

எனக்கு அந்த அம்மாள்மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. ஆத்திரமெல்லாம் அவளுடைய மகள்மேல்தான். என் காலைத் தன் காலாக்கிக்கொண்டவள், என் அறையில், என் ஜன்னலுக்குக் கீழே வந்து படுக்கப்போகிறவள். கிளம்புகிற அன்று, எல்லோரும் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். அவளுக்கு எந்த மொழி வாசிக்கத் தெரியுமோ தெரியாதே! அதனால் வெள்ளைச் சுவரில் தமிழில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை, பெரிய எழுத்தில் எழுதினேன்: "இது என் ரூம். நீ திருடி."

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்திருந்தபோதுதான் அம்மா பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் அந்த அம்மாளின் புருஷன் பாதி வழியில் செத்துப்போனார். மகள் அதற்கும் முன்னாலேயே, ஒரு மலைப்பாதையில். கதவைச் சாத்திக்கொண்டு பேசிய முதல் நாளே அம்மாவுக்கு அது தெரியும். சின்னப் பிள்ளையிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாளாம்.

நான் இரண்டு மொழியில் எழுதிவைத்ததை வாசிக்க, அந்த வீட்டில் அந்த அம்மாளைத் தவிர வேறு யாருமே இல்லை.