கடலுக்குத் தெரியாத பாஷையில் ஒரு பாராட்டு

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜெபப் புத்தகம் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். மறதியும் வந்துவிட்டது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன், இல்லையென்றால் விட்டே விடுவேன். ஆனால் இதை யாரிடமும் வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் சங்கு குளிக்கப் போகிறவன். வள்ளத்தில் இருக்கும் கம்பரசரிலிருந்து நீளக் குழாயில் காற்று வரும். அதை வாயில் கடித்துக்கொண்டு கடலின் அடியில் சங்கு தேடுவான். அவன் அப்பாவுக்கும் இதே தொழில்தான். அவர் காலத்தில் குழாய் கிடையாது, மூச்சுதான்.

எங்கள் கரையில் குளிக்கிறவர்களை யாரும் புகழ மாட்டோம். கெட்டிக்காரன் என்று சொன்னால் கடலுக்குக் கேட்கும், கேட்டால் அதற்கு அவன் மேல் ஆசை வந்துவிடும் என்பார்கள். அதனால் ஏசுவோம். பை நிறையச் சங்கோடு வருகிறவனை, "வெறுங்கையோட வாரான் பாரு" என்போம். அவனும் சிரித்துக்கொண்டே போவான். இது வீண் நம்பிக்கை என்று ஒரு சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் மலையடிவாரம். நாங்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகளை ஏசினோம்.

நான் என் மகனை நாற்பது வருடத்துக்கு மேலாக ஏசியிருக்கிறேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

போன வருடம் மழைக்கு முந்தி, அவனோடு இறங்கிய ஒருத்தனுடைய குழாய் பாறையில் மாட்டிக்கொண்டது. என் மகன் தன் குழாயை அவன் வாயில் மாற்றி மாற்றி வைத்து மேலே கொண்டுவந்து சேர்த்தான். அன்று சாயங்காலம் அந்த ஆளுடைய அம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். கண்ணில் தண்ணீர், கையில் ஒரு கவர் மக்ரூன்.

"ஏலே, ஒனக்கு வேற சோலியே இல்லையா? எம் பிள்ளை அங்கன நிம்மதியாக் கெடந்தான். அவனப் போயி இழுத்துட்டு வந்துருக்க. நீயெல்லாம் உருப்படுவியா?"

"உருப்பட மாட்டேன் பெரியம்மா."

"இதத் தின்னு தொல" என்று கவரை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மகன் என்னைப் பார்த்தான். "நீ ஏசலையாம்மா?" என்றான். எனக்கு ஏச மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எங்கள் மாடியில் ஒரு டீச்சர் வாடகைக்கு இருக்கிறாள், சாத்தான்குளத்துப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் "ஹேட்ஸ் ஆஃப்" என்பாள். தண்ணீர் வண்டிக்காரர் நேரத்துக்கு வந்தால் அவருக்கு ஒன்று, என் மீன்குழம்புக்கு ஒன்று. அன்றைக்கு அவளிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரங்க ஒருத்தர மதிச்சா தொப்பியக் கழட்டுவாங்க ஆச்சி. அதத்தான் வாயால சொல்லுதோம்."

"நல்லாருக்கு, கெட்டிக்காரன், அப்படில்லாம் அதுல வராதா?"

"வராது ஆச்சி. தொப்பி மட்டுந்தான்."

எனக்கு அது போதும் என்று பட்டது. புகழ்ச்சியான சொல் ஒன்றுகூட இல்லாத புகழ்ச்சி. அதுவும் இங்கிலீஷில். கடலுக்கு அது எங்கே புரியப் போகிறது என்று நினைத்தேன். குசினியில் சோற்றுப் பானையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மறுநாள் விடியற்காலை அவன் செருப்பை மாட்டிக்கொண்டு "வாரேன்" என்றான். வழக்கமாக அந்த நேரம் நான் ஏதாவது சொல்லி ஏசுவேன். அன்று, "ஹேட்ஸ் ஆஃப்லே" என்றேன்.

அவன் அப்படியே நின்றான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு போனான். ஏசாமல் அனுப்பிவிட்டேன் என்பது அவன் தெரு முனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அன்று தண்ணீர் கலங்கல் என்று மற்ற வள்ளங்கள் பத்தரைக்கெல்லாம் திரும்பிவிட்டன. அவன் போனது மட்டும் வரவில்லை. மருமகள் இறால் கம்பெனியில் வேலைக்கு இருந்தாள், அங்கே போன் எடுக்க விட மாட்டார்கள். நான் தனியாகக் கரைக்குப் போனேன். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. ஒரு அலை மடியவில்லை. துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன, ஆனால் அங்கிருந்து எப்போதும் வரும் இரைச்சல் வரவில்லை. என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று விரலால் குடைந்து பார்த்தேன்.

மக்ரூன் கொண்டுவந்தவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"ஏளா, காலையில ஏசித்தான அனுப்புன?"

"இல்லக்கா."

"பொறவு என்ன சொன்ன?"

பதிலுக்கு நிற்காமல் அவள் எழுந்து என் தோளைப் பிடித்துக் கடலைப் பார்க்கத் திருப்பினாள்.

"இப்ப ஏசு. கேக்கும்படியா ஏசு."

நாலு பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியதே இல்லை. கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு மணி அடித்தார்கள். சிலுவை போட்டேன். மணி ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன், இது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. சோம்பேறி, தண்டச்சோறு, ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஏசினேன். ஆறு வயதில் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டதைச் சொல்லி ஏசினேன். அதை அவன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

ஒரு மணிக்கு வள்ளம் வந்தது. மகன் உள்ளே படுத்திருந்தான், இடது காதிலிருந்து ரத்தம். உயிர் இருந்தது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். அந்தப் பக்கம் இனி மந்தமாகத்தான் கேட்குமாம்.

இரண்டு நாள் கழித்து அவனே சொன்னான்.

"கீழ ஒங் குரலு கேட்டுச்சும்மா. காலையில சொன்னியே, அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. மெதுவா, கொஞ்சுற மாதிரி. நான் போகப் போக அது தள்ளிப் போகுது. குழாய் எட்டல. கழட்டிப் போட்டுட்டுப் போயிருவோம்னு கையக் கொண்டு போயிட்டேன்."

"பொறவு?"

"பொறவு மேலருந்து ஏசுற சத்தம். அதுவும் நீதான். எண்ணெய்ச் சட்டி, பூனைன்னு. அதக் கேட்டுத்தான் படபடன்னு மேல ஏறுனேன். அதுலதான் காது போச்சு."

நான் கரையில் ஏசியது அவனுக்குக் கேட்டிருக்கிறது என்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். பிறகு ஒரு நாள் வள்ளம் ஓட்டுகிற தம்பி காதைப் பற்றி விசாரிக்க வந்தான். பேச்சோடு பேச்சாக, "பதினொன்றரைக்கே தண்ணிக்கு மேல வந்துட்டான் ஆச்சி. இஞ்சின் மக்கர் பண்ணிட்டு, அதான் கரை சேர லேட்டு" என்றான்.

பதினொன்றரைக்கு நான் வாயே திறக்கவில்லை.

மகனிடம் இதை நான் சொல்லவில்லை. அவன் வருகிற மாதம் மறுபடி இறங்கப் போகிறேன் என்கிறான். "நீ ஏசுனா நான் மேல வந்துருவேம்லா" என்று தைரியமாகச் சொல்லுகிறான். கேட்டது என் சத்தம்தான் என்றால் நான் தடுக்க மாட்டேன், தினமும் கரையில் நின்று ஏசுவேன். இல்லையென்றால் என் குரலில் கீழே கொஞ்சியதும் மேலே ஏசியதும் ஒன்றேதானா, எதற்காக அவனைத் திருப்பி அனுப்பியது என்று தெரியாமல் அவனை எப்படி இறங்க விடுவேன்?

வள்ளம் ஓட்டிய தம்பி இப்போது காயல்பட்டினத்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். மகனை மேலே தூக்கிப் போட்டதும் முதலாளிக்குப் போன் பண்ணினேன் என்று அன்றைக்குச் சொன்னான். பேசிய நேரம் அவன் போனில் பதிவாகி இருக்கும் என்கிறாள் டீச்சர். எனக்குப் போய்க் கேட்கக் கூச்சம். நான்தான் எதையோ மாற்றி நினைக்கிறேனோ என்னவோ. இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவனைக் கண்டால், பன்னிரண்டுக்கு முந்தியா பிந்தியா என்று பார்த்து, அடுத்த மாதத்துக்குள் எனக்குச் சொல்லிவிட வேண்டும்.