எருமையைக் கொடுத்துக் குதிரை வாங்கிய கதை

பிழைப்புக்காக எத்தனையோ வண்டிகளில் ஏறி இறங்கிவிட்டேன். திருப்பூர், மஸ்கட், மறுபடி திருப்பூர், நடுவில் கொஞ்சகாலம் பெங்களூர். ஆனால் யாராவது வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சிறுவயதில் ஷார்ஜாவில் நாங்கள் இருந்த ஒற்றை அறையும் வெள்ளிக்கிழமைக் கறிக்குழம்பும், எருமை உசத்தியா குதிரை உசத்தியா என்று அப்பாவும் மாமாவும் போட்ட சண்டையும்தான் நினைவுக்கு வருகின்றன.

எருமை அப்பா ஓட்டிய பிக்கப். குதிரை மாமா ஓட்டியது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இரண்டும் மூன்று டன் ஏற்றும் டீசல் வண்டிகள். வேறு வேறு கம்பெனி. பெயரைச் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் இன்றைக்கும் சட்டையைப் பிடித்துச் சண்டைபோட ஆளிருக்கிறது. எருமையில் ஏசி எப்போதோ செத்துப்போயிருந்தது. மேட்டில் முனகும், ஆனால் வழியில் நின்றதில்லை. குதிரை பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே குளுகுளுவென்று இருக்கும், நினைத்த இடத்தில் படுத்துவிடும்.

மாமா அதில் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குக் குடிதண்ணீர்க் கேன் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் குதிரை அடிக்கடி நின்றது. தண்ணீர் வந்து சேராத சைட்டில் ஆட்கள் வெயிலில் கூச்சல் போட்டார்கள். இன்னொரு தடவை நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சைட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார் அர்பாப். அவர்தான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் முதலாளி. இரண்டு வண்டியும் அவர் பெயரில்தான் இருந்தன. அப்பா அவரிடம் பழைய ஆள், அப்பாவுக்கு அந்தப் பயமில்லை. மாமா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மாமாவுக்கு விசா எடுத்துக் கொடுத்ததே அப்பாதான். எங்கள் பக்கத்தில் தம்பிதான் அக்காவுக்குச் சீர் செய்யவேண்டும். அக்கா வீட்டிலிருந்து வாங்கித் தின்றவன் என்று பெயரெடுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. விசாவுக்கே மாமா கூசிப்போயிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை குதிரை மறுபடி படுத்தது. அப்பா எருமையை மாமாவிடம் கொடுத்துத் தண்ணீரை இறக்கிவிட்டு வரச் சொன்னார். குதிரையை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சனையாவுக்குப் போனார். பட்டறைகள் இருக்கும் பகுதியை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே ஒரு பட்டாணியர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்சின் கலாஸ், பாய்."

கொஞ்ச நாள் தள்ளலாம், அப்புறம் புது இஞ்சின்தான் என்று கையைக் காட்டி விளக்கினார். ஓடுகிற அளவுக்கு ஒட்டுப்போட்டுக் கொடுக்கச் சொன்னார் அப்பா. மாலையில் அதை அவரே ஓட்டிக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் சாப்பாட்டில் அவர்தான் ஆரம்பித்தார்.

"குதிரை நல்ல வண்டிதான் மாப்ளே. ஓட்டுற ஆளுதான் சரியில்ல."

மாமாவுக்கு முகம் சுருங்கியது. "இத்தன நாளு அத டப்பான்னுதான சொன்னீங்க மச்சான்?"

"நேத்து ஓட்டிப் பாத்தேன்ல. வெண்ணெ மாதிரி போவுது. நீ கியர மாட்டுக்குக் கயிறு கட்டுற மாதிரி இழுத்தா அது என்ன பண்ணும்? எங்கிட்ட குடு, ஓட்டிக் காட்டுறேன். உன் கைக்கு எருமதான் லாயக்கு."

"ஓட்டுங்களேன்! ஒரு மாசம் ஓட்டுங்க, பாப்போம்!" என்று மாமா சாவியை எடுத்துப் பாயில் எறிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, பட்டறைக்காரரு கலாஸ்னு சொன்னாரேப்பா!"

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. மாமா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவை.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆமா, கலாஸ்னான். வேல முடிஞ்சுது, எடுத்துட்டுப் போன்னு சொன்னான். கலாஸ்னா முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்? பள்ளிக்கூடத்துல வேற என்னமும் சொல்லிக் குடுத்தாங்களா?"

அது சரிதான். பள்ளிக்கூடத்தில் அரபி எங்களுக்கு ஒரு பாடம். ஆனால் பட்டாணியர் சொன்ன முடிந்தது வேறு, அப்பா சொன்ன முடிந்தது வேறு. அதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தட்டில் ஒரு பெரிய எலும்பைப் போட்டு, "தின்னு" என்றாள். மாமா தட்டில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, ஆணியில் தொங்கிய எருமையின் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் தலைகீழாயின. அப்பா குதிரையைப் புகழ்ந்தார். ஏசி ஊட்டி மாதிரி இருக்கிறது என்றார், பிரேக்கைப் பிடித்தால் தண்ணீர்கூட அலுங்காது என்றார். மாமா எருமையைத் திட்டினார். முதுகு போச்சு மச்சான், உள்ள உக்காந்தா இட்லி மாதிரி வேகுறேன் என்றார். திட்டப்பட்ட வண்டி தினமும் நேரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்கியது. புகழப்பட்ட வண்டி பாதி நாள் சனையாவில் நின்றது. புது இஞ்சின் கேட்டதற்கு அர்பாப் சிரித்தாராம். அப்பாவின் லோடுகள் ஒவ்வொன்றாக வேறு ஆட்களுக்குப் போயின. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட முடியாமல் அப்பா அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பினார். ஊரில் எட்டாவதோடு அந்தப் படிப்பும் நின்றது. நின்றதில் பெரிய வருத்தமில்லை, எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது.

ஆனால் அன்றைக்குக் கோபம் இருந்தது. அப்பாவுக்கு அரபி சரியாகத் தெரியாததால்தான் நல்ல வண்டியைப் பறிகொடுத்தார் என்று நினைத்தேன். மாமா அதைத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போய்விட்டார் என்றும் நினைத்தேன்.

விமான நிலையத்துக்கு மாமாதான் எருமையில் கூட்டிப்போனார். குதிரை அன்றைக்கும் பட்டறையில். அப்பா அறை வாசலிலேயே என் தலையைத் தடவிவிட்டு அங்கே கிளம்பிப் போயிருந்தார். நான் அம்மாவின் மடியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா கொடுத்த மிட்டாயைத் தொடவில்லை.

பாலத்தில் ஏறும்போது அம்மா கேட்டாள். "வண்டி நல்லா ஓடுதாடா தம்பி?"

"என்னத்த ஓடுது! மேட்டப் பாத்தா அழுவுது, கியரு விழமாட்டேங்குது, சீட்டு முள்ளு மாதிரி குத்துது. இத என் தலையில கட்டிட்டு உன் புருசன் ஏசியில போறாருக்கா. நல்லா ஏமாத்திட்டாரு என்னைய."

கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் விமான நிலையம் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அறையிலிருந்து அழுதுகொண்டே ஏறிய அம்மா, தம்பி திட்டத் திட்ட முகம் தெளிந்து, கடைசியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷனை ஒருவன் இப்படிப் பேசுகிறான், இவள் சிரிக்கிறாளே என்று நான் அவள் கையை வெடுக்கென்று தட்டிவிட்டேன்.