மாப்பிள்ளை தூக்கிய தட்டு

சென்ற வாரம் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பேரங்காடியில் கால் வலித்து உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்தோ ரொட்டி கருகும் வாசனை. அடுப்பை அணைக்க ஓட வைக்கும் கருகல் இல்லை. உள்ளே சீஸ் வைத்துச் சூட்டில் அழுத்தும்போது ஓரத்தில் வழிந்து பொரியுமே, அந்த வாசனை. “நீ உக்காரு, நான் வாங்கிட்டு வர்றேன்” என்று என் வீட்டுக்காரர் எழுந்து போனார். நான் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைச் சீனப் பெண்மணி ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நான் ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரி. போட்ட பவுடர் அக்கரை சேர்வதற்குள் காற்றோடு போய்விடும். என்னை யாரும் திரும்பிப் பார்க்காததற்கு நான் ஃபெரியைத்தான் குறை சொல்வேன். வீட்டில் வரன் பார்த்தார்கள். வந்தவர்கள் முன்னால் தேநீரும் கேசரியும் தட்டில் ஏந்தித் தலைகுனிந்து நின்றேன். தின்று முடித்துப் போய், “பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி” என்று சொல்லி அனுப்பினார்கள். கேசரி மட்டும் நன்றாக இருந்ததாம். அன்றைக்கே அக்காவிடம், “இனிமே எவன் முன்னாலயும் தட்டு தூக்க மாட்டேன். கல்யாணமே ஆகலன்னாலும் பரவால்ல லா” என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் உள்ளே அழுகையும் இருந்தது.

அக்கா கெட்டிக்காரி. நிபோங் திபாலிலிருந்து அடுத்த வரன் வந்தபோது, “வீட்டுல வேணாம். டவுன்ல புதுசா சூடா சாண்ட்விச் விக்கிற கடை தொறந்திருக்கான், ஊருக்கு ஊரு வச்சிருக்கான்ல அதான். நல்ல ஏர்கோன். நீ சும்மா உக்காந்தா போதும்” என்றாள். அவளும் உள்ளே போனதில்லை, நானும் போனதில்லை.

நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமை குறித்தார்கள். வெள்ளி என்றால் இரண்டு வீட்டிலும் சைவம். கோழியும் மாடும் டூனாவும் போக, எங்களுக்கு மிஞ்சியது சீஸும் தக்காளியும். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். என்ன வேண்டும் என்று கேட்க யாரும் வரவில்லை. அப்போதுதான் கல்லா ஓரம் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். தட்டுகள்! அவரவரே வாங்கி, அவரவரே தூக்கி வரவேண்டுமாம்.

அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தார். நான் கண்ணாடிக்கு வெளியே போன ட்ரைஷா வண்டியைப் பார்த்தேன். எழுந்தால் சொன்ன சொல் போச்சு. எழாவிட்டால் வரன் போச்சு. மாப்பிள்ளையை வேறு, வந்ததிலிருந்தே எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. காது கொஞ்சம் பெரிது. சிரித்தால் அதுவும் சேர்ந்து சிரித்தது.

அவர்தான் எழுந்தார். “நான் போறேன்மா. அவங்க உக்காரட்டும்.”

“டேய், பொண்ணு பாக்க வந்துட்டு நீயாடா தட்டு தூக்குவ?”

கடை முழுக்கக் கேட்டது. அவர் தூக்கித்தான் வந்தார். தலை குனிந்து, கோப்பை சாயாமல், அசல் என் நடை. சிரிப்பை அடக்க எனக்கு முந்தானை போதவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. அந்தம்மா ரொட்டியை இரண்டாகப் பிட்டார். சீஸ் நூல் நூலாக இழுத்தது. கையை உயர்த்த உயர்த்த நூலும் உயர்ந்தது. நம் வீட்டில் நேற்றைய வடை நூல் விட்டால் என்ன அர்த்தம்? “ஊசிப் போச்சுடா!” என்றவர், கல்லாவிலிருந்த மலாய்ப் பெண்ணைப் பார்த்து, “சுடா பாசி லா!” என்று முழங்கினார். கெட்டுப்போய்விட்டதாம். அந்தப் பெண் பதறி வந்து விளக்கினாள். இவர் முகர்ந்து பார்த்து இன்னும் உறுதியானார்.

நான் அந்தப் பாதியை அவர் கையிலிருந்து வாங்கிக் கடித்தேன். மானத்தைக் காப்பாற்ற என்று சொல்லலாம், பசியும்தான். நூல் என் முகவாயில் ஒட்டிக்கொண்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: “ஊசிப்போனதையே மொகம் சுளிக்காம தின்னுது. நம்ம வீட்டுல பொழச்சுக்கும் லா.”

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. ஆனால் மாமியார் அந்தத் தட்டை விடவில்லை. விருந்தாளிகளுக்கு நான் தேநீர் கொண்டுவரும் போதெல்லாம், “என் மவன் தட்டு தூக்கிக் கட்டிக்கிட்டவ இவ” என்பார். எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பேன்! கடைசியில் அவர் கை நடுங்கத் தொடங்கியதும், கட்டிலுக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிப் போனது நான்தான். யாரும் சொல்லித் தூக்கவில்லை. “இப்பவாச்சும் தூக்கினியே” என்று அப்போதும் சிரித்தார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். மாமியாரும் போன வருடம் போய்விட்டார்.

பேரங்காடியில் என் வீட்டுக்காரர் தட்டோடு வந்தார், நரைத்த தலை குனிந்து, கோப்பை சாயாமல். இப்போது மாமியார் வாயைத் திறப்பார் என்று பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். எங்கள் பைதான் இருந்தது. வீட்டுக்காரரும் அதையேதான் பார்த்தார். “டேய், நீயாடா தட்டு தூக்குவ?” என்று நானே சொல்லிப் பார்த்தேன். அந்தக் குரல் வரவில்லை.