இருக்கும்போதே கூப்பிடச் சொன்னவர்

அச்சுவேலிச் சந்தையில் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டு நின்றபோதுதான், "உங்கடை படக்கார நமசிவாயம் விடிய மோசம் போயிட்டாராம்" என்று வெற்றிலைக்காரர் சொன்னார். பையை அவரிடமே கொடுத்துவிட்டுச் செத்தவீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியில் அழுகை வரவில்லை. நமசிவாயம் அண்ணை சண்டிலிப்பாய்க்குப் பெண் கேட்கப் போன கதைதான் திரும்பத் திரும்ப வந்தது.

அவரை ஸ்ரூடியோவில் மட்டும் கண்டவர்களுக்கு, அவர் முன்பு என்னோடு அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர் என்பது தெரியாது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரையொருவரிடம் வாங்கிய பழைய கமராவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புத்துறைக் கரையில் திரிவார். ஒருநாள், "தம்பி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிரோடை இருந்தாப் போதாது" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டார். எனக்குத் தலை சுற்றியது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று அரசாங்க உத்தியோகத்தைக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது.

அப்போது அவருக்குச் சண்டிலிப்பாய்ச் சிவபாக்கியத்தைப் பேசி முடித்திருந்தார்கள். தகப்பன் கதிர்காமர் புகையிலைக் கமக்காரர், சிரித்து ஒருவரும் கண்டதில்லை. செய்தி கேட்டதும், "உத்தியோகத்துக்குத்தான் பெட்டை தரச் சம்மதிச்சனான். செத்தவீட்டுப் படக்காரனுக்கில்லை" என்று சொல்லியனுப்பினார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்நாளில் எங்கள் ஊர்களுக்குள் கமரா வருவது செத்தவீட்டுக்குத்தான். பிணத்தைக் கதிரையில் இருத்தி, உறவினர் சுற்றிவர நின்று படம் எடுப்பார்கள்.

அண்ணைக்கோ சிவபாக்கியத்தைத் தவிர வேறொருத்தி இல்லை. கமராவை மாட்டுவண்டியில் ஏற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார்.

"மாமா, ஒரேயொரு படம். பிடிக்காட்டி நான் இந்தப் பக்கமே வரமாட்டன்."

கதிர்காமர் முறைத்தபடி சால்வையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். "அசையப்படாது" என்று சொல்லிவிட்டு அண்ணை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

பக்கத்து வீட்டு அன்னம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் கமரா. கதிரையில் ஆடாமல் அசையாமல் கதிர்காமர். வேறென்ன நினைப்பாள்? "ஐயோ, என்ரை அண்ணை!" என்று தலையிலடித்துக்கொண்டு படலையைத் தள்ளி ஓடிவந்தாள். பின்னால் அயல் பெண்கள் எல்லாரும். "என்ரை பயிர் வாடேக்கை தன்ரை கிணத்தாலை இறைச்சுவிட்ட ராசா!" என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டது. அசையாதே என்ற சொல்லுக்காக அந்த மனிதர் அப்போதும் அசையவில்லை. அன்னம்மா காலைக் கட்டிக்கொண்டதும்தான் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணை கமராவின் றப்பர் குமிழை அமுக்கிவிட்டார்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கதிர்காமர் நெடுநேரம் பார்த்தார்.

"நான் இப்பிடியே சிரிக்கிறனான்?"

"ஓம், மாமா."

"செத்தாப்பிறகு எடுத்திருந்தா இதை நான் கண்டிருக்கமாட்டன்" என்றவர், "நாள் பாப்பம், தம்பி" என்றார். எனக்கே கல்யாணம் ஒப்பேறியதுபோல நான் துள்ளினேன்.

அந்தப் படம் வலிகாமம் முழுக்கக் கைமாறியது. ஸ்ரூடியோவுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. "செத்தவீட்டுக்கு அழ வருவன். படமெடுக்க இருக்கேக்கை கூப்பிடுங்கோ" என்பார் எல்லாரிடமும். அப்படியே கூப்பிட்டார்கள்.

கல்யாணத்தன்று குமிழை என் கையில் தந்து, "நான் அவளுக்குப் பக்கத்திலை போய் நிண்டபிறகு அமுக்கு" என்றார். பதற்றத்தில் அவர் ஓடும்போதே அமுக்கிவிட்டேன். ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, தலைப்பாகை சரிய, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி பொம்பிளையிடம் ஓடுகிற மாப்பிள்ளைதான் படத்தில் விழுந்தார். இன்னொன்று எடுப்போம் என்றேன். "ஏன்? நான் அவளிட்டை ஓடித்தானே வந்தனான்" என்று மறுத்துவிட்டார்.

நேற்றுச் செத்தவீட்டில் யாரோ, படக்காரர் ஒருவரைக் கூப்பிடுவோமா என்று கேட்டார்கள். "வேண்டாம். இருக்கேக்கையே எடுத்தாச்சு" என்று சொன்ன சிவபாக்கியம் அக்கா, அந்தக் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்து மாலை போட்டார். அழுதுகொண்டு வந்தவர்கள் அதைக் கண்டு கண்ணீரோடு சிரித்தார்கள். நீங்களும் வந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அவர் எடுத்த முகங்கள் எங்கள் வீடுகளின் சுவரெல்லாம் இருக்கின்றன. அவரை எடுத்த படம் அது ஒன்றுதான். எடுத்தவன் நான். கச்சேரியில் ஆயுள் முழுக்கப் பிழையில்லாமல் எழுதியதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. அன்று அவசரப்பட்டு அமுக்கியது மட்டும் நிலைத்திருக்கிறது.