ஸ்ரெலாவின் செம்பட்டை

எங்கள் வளவுத் தேசிக்காய் மரத்தில் கொஞ்ச நாளாகக் காய் தங்கவில்லை. காலையில் பார்த்து வைத்த காய் மத்தியானம் இருக்காது. அணிலா? அணில் எங்கே தேசிக்காய் தின்றது! யாரேனும் ஊறுகாய் போடுகிறார்களா?

போன கிழமைக்கு முதல் கிழமைதான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

ஸ்ரெலா.

உச்சி வெயிலில், கிணற்றடிக் கல்லில் குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு தலையில் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி... கோயிலில் கூட அந்த முகத்தை நான் கண்டதில்லை.

ஸ்ரெலாவை உங்களுக்குச் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பம். சண்டையால் கரையில் இருக்க முடியாமல் போனபோது, விசுவமடுவில் எங்கள் வளவின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள் — அவளும், தாய் மக்டலின் அக்காவும். வந்து சில வருடமாகிறது. இப்போது எங்களோடு நாற்று நடவும் வருகிறாள்.

"என்ன பிள்ளை, பொடுகோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா... தலைமயிரைச் செம்பட்டையாக்கிறன்."

சிரித்துவிட்டேன். ஊரெல்லாம் தலை கறுக்கவேண்டுமென்று கையாந்தகரை இலை தேடி வரம்பு வரம்பாகத் திரிகிறது. இவள் கறுத்ததை வெளுக்க வைக்கிறாளாம்!

"சின்னனிலை இருந்து கடற்காத்தும் உப்பும் வெயிலும் அக்கா. என்ரை தலை செப்புக்கம்பி மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்திலை 'செம்பட்டை'யெண்டு பகிடி பண்ணுவினம். இஞ்சை வந்து மர நிழலும் நல்ல தண்ணியும் தேங்காயெண்ணெயும்... கறுத்துப் போச்சு."

"வடிவாத்தானே இருக்கு?"

"வடிவுதான். ஆனா கண்ணாடியிலை பாத்தா ஆரோ சொந்தக்காரப் பிள்ளை வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு."

நானும் கல்லோரம் குந்தினேன்.

பிறகு மெதுவாக மிச்சக் கதையும் வந்தது. அன்ரனின் கதை. அதே கரைக்காரன். இருவருக்கும் கலியாணம் பேசி முடித்திருந்த நேரத்தில்தான் ஓட்டம் வந்தது. அவனுடைய ஆட்கள் மல்லாவிப் பக்கம் போனார்கள். அங்கே மாமனோடு மரம் அரிகிறான். மார்கழியில் நத்தாருக்கு வருவேன் என்று சொல்லியனுப்பினான். வரவில்லை. இப்போது உயிர்த்த ஞாயிற்றுக்குள் வருவதாக மறுபடி ஆள்மூலம் சொல்லியிருக்கிறான்.

"வள்ளம் கரைக்கு வரேக்கை, நிக்கிற அவ்வளவு சனத்துக்கையும் என்னைத் தலைமயிரை வைச்சுத்தான் அடையாளம் பிடிப்பாராம். இப்ப பாத்தா..." நனைந்த நுனியைப் பிடித்துப் பார்த்தாள் அவள்.

நத்தாரன்று அவள் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தது எனக்கு நினைவிருந்தது. வயிற்றுக்குத்து என்றுதான் அன்றைக்குச் சொன்னாள்.

சரி, இனி என்ன? நானும் சேர்ந்துகொண்டேன். ஒட்டுசுட்டான் காட்டுத்தேன் ஒரு போத்தல் வீட்டில் இருந்தது. சிரட்டையில் தேசிப்புளி, அதற்குள் கொஞ்சம் தேன், உப்பு ஒரு கிள்ளு. கலக்கித் தலையில் பூசி, வெயிலில் இருக்கவேண்டியதுதான். காய்ந்தபிறகு அள்ளிக் குளிப்பு. தலை வறண்டு வைக்கோலாகிவிடுமே என்று நான் பயந்ததால், இரவில் நுனிக்கு மட்டும் எண்ணெய்.

"காய்ச்சல் வரப்போகுது இரண்டு பேருக்கும்! வயசுக்கு மூத்தவ, நீங்களுமே?" என்று மக்டலின் அக்கா குசினிக்குள் இருந்து ஏசுவா.

ஏசட்டும். அந்த மத்தியானங்களை நான் எதற்கும் கொடுக்கமாட்டேன். கிணற்றடியில் கண்ணை மூடிக்கொண்டு இருப்போம். இமைக்குள்ளே எல்லாம் செம்மஞ்சள். அவள் கடலைப் பற்றிக் கதைப்பாள் — விடியப்புறம் அது பால்போல அசையாமல் கிடக்குமாம். வாடைக்காற்றுக்கு நிறம் மாறுமாம். கருவாடு காயப்போடும்போது காலில் ஒட்டும் மணல் சூடாறாதாம். யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்தையும் காணியையும் நம்பி வந்த குடும்பம் என்னுடையது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கால் தண்ணீர். ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, வயலுக்குள் போகும் காற்று எனக்கு அலைபோலக் கேட்கத் தொடங்கியது. தேன் வாசத்துக்கு எறும்பு ஏறிக் கடிக்கும்வரை... பிறகு இரண்டு பேரும் எழும்பி ஓட்டம்!

சென்ற சனிக்கிழமையும் அப்படித்தான் இருந்தோம். படலையடியில் சைக்கிள் ஒன்று நின்ற சத்தம். கண்ணைத் திறந்தேன்.

மெலிந்த பொடியன் ஒருவன். முழங்கால்வரை செம்மண் புழுதி. தலையில் தொப்பி, காதுவரை இழுத்துவிட்டிருந்தான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

ஸ்ரெலா எழும்பிவிட்டாள். நெற்றியில் தேன் வழிகிறது. புருவத்தில் ஒரு தேசிக்காய் விதை. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வாங்கோவன்," என்றாள்.

மக்டலின் அக்கா வெளியே வந்தா. அன்ரனைக் கண்டதும் முதலில் கண் கலங்கியது, பிறகு கோபம் வந்தது. "நத்தாருக்கு வாறனெண்டு போட்டு, ஏன் வரேல்லையெண்டு ஒரு சொல்லும் இல்லையே தம்பி? மனம் மாறினா மாறினதெண்டு சொல்லுறதுதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மனம் மாறேல்லை மாமி. நெருப்புக்காய்ச்சல். பிழைச்சதே பெரிசு." பிறகு தொப்பியைக் கழற்றினான்.

ஐயோ... அவ்வளவும் கொட்டுண்டு போயிருந்தது. அங்கொன்று இங்கொன்றாகக் கோழிக்குஞ்சுத் தூவல்போல முளை.

"கொஞ்சம் வளரட்டும், பிறகு போவமெண்டு இருந்தனான். அது வளருற மாதிரித் தெரியேல்லை. அதுதான் வந்திட்டன்."

நடுவில் ஒரு காடு. இந்தப்பக்கம் ஒருத்தி தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டு. அந்தப்பக்கம் ஒருவன் தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டு. நாங்கள் கவலைப்படுகிற எதையாவது, யாருக்காகக் கவலைப்படுகிறோமோ அவர்களிடம் ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

ஸ்ரெலா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் குனிந்து சிரட்டையை எடுத்தாள்.

"மிச்சம் கிடக்கு. உங்களுக்கும் பூசிவிடட்டோ?"

"என்ன அது?"

"செம்பட்டையாக்கிற மருந்து."

அவன் தலையைத் தடவினான். "கிடக்கிற நாலு மயிரையுமோ?"

முதலில் சிரித்தது மக்டலின் அக்காதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க... பிறகு எல்லாரும். அவ்வளவு சிரிப்பை எங்கள் வளவு கேட்டு எவ்வளவு காலம்!

ஸ்ரெலாவுக்குச் செம்பட்டை வந்ததா என்று கேட்பீர்கள். நெற்றியோரம் சாயம் குறைந்த தேநீர்போல ஒரு நிறம் வந்திருக்கிறது என்கிறேன் நான். வெயில் பட்டுத் தெரிகிறது, வேறொன்றும் இல்லை என்கிறா தாய். அன்ரன் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லையாம். உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம். பங்குச் சுவாமியிடம் கதைத்தாகிவிட்டது.

அன்று சோறும் மரவள்ளிக்கிழங்குக் கறியும் தின்றவன், மாமர நிழலில் பாயைப் போட்டுச் சரிந்தான். தொப்பி சைக்கிள் கைபிடியிலேயே தொங்கியது. ஸ்ரெலா குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையை விரித்தபடி பக்கத்தில் குந்தி அரிசி பொறுக்கினாள். பொழுது சாயும்வரை அவன் அசையவில்லை.

வெட்கம் கழன்றால் மனிதருக்கு என்னமாய் நித்திரை வருகிறது!