சைக்கிளில் இருப்பவர்கள்

ஹபீப் முகமது பாயிஜா. பிறப்பு: 1988. மறைவு: இறையருளால் இதுவரை இல்லை.

நெய்வேலி மெயின் பஜாரில் சைக்கிள் கடை நடத்தும் ஹபீப் முகமதுவின் ஒரே மகள். உளவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டார். ஸ்டீராய்டு ஊசியும் ஊக்கமருந்தும் எடுத்துக்கொள்வோர் சூதாட்டத்திலும் மற்றவர்களை விஞ்சுகிறார்களா என்பது ஆய்வுப்பொருள்.

"பொம்பளப் புள்ளைக்கு வேற தலைப்பே கெடைக்கலியாம்மா?" என்றார் தந்தை.

"நல்ல தலைப்பையெல்லாம் ஆம்பளைங்க எடுத்துக்கினாங்க, அத்தா."

2023இல் நகரியத்தின் ஜிம்களிலும் கபடி மைதானங்களிலும் வினாத்தாள் வழங்கினார். 'தாங்கள் ஊக்கமருந்து உட்கொள்வதுண்டா?', 'தாங்கள் சூதாடுவதுண்டா?' என்னும் வினாக்களில் ஒற்றுப்பிழைகூட இல்லை. விடைகளிலும் மாறுபாடு இல்லை: இல்லை, இல்லை. சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு புஜம் வெளியே நின்றவர்களும் அவ்வாறே எழுதினார்கள்.

ஆய்வு நெறியாளரான பேராசிரியர் சக்கரபாணி தாள்களைப் புரட்டினார். "ஏம்மா, இது நெய்வேலியா, வைகுண்டமா? ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கும் இதையே கொண்டாந்தா தலைப்பை மாத்தச் சொல்லிடுவாங்க."

பதிவுக்காலம் முடியும் தறுவாயில் தலைப்பு மாறினால் பட்டமும் போய்விடும். பாயிஜா மறுநாளே ஜிம்முக்குத் திரும்பினார். அங்கே கம்மாபுரத்துக் கபடி வீரர் வளவன், கதவு கொள்ளாத தோள்களோடு கண்ணாடி முன் நின்றிருந்தார்.

"ஒடம்பு இப்படி ஏற என்னதாங்க பண்றீங்க?"

"சைக்கிள்ல இருக்கேன் மேடம். பன்னெண்டு வாரம்."

சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதுங்க. கம்மாபுரத்துலேருந்தே மிதிச்சிக்கினு வர்றீங்களா? கேரியர் வெச்ச வண்டியா, வெக்காததா?"

ஜிம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. உரிமையாளர் அன்புச்செல்வன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"மேடம், சைக்கிள்னா ஊசி! பன்னெண்டு வாரம் போடணும், அப்புறம் கேப்பு வுடணும்."

"அப்ப ஏன் ஊக்கமருந்து இல்லன்னு எழுதினீங்க?"

"அது டிவியில மெடலைப் புடுங்குவாங்களே, அதுங்க. நம்மளுது வெறும் சைக்கிள்தானே."

"சூதாட்டமும் கிடையாதா?"

"ச்சே ச்சே! சூதாடி மூஞ்சியா மேடம் இது? டெய்லி டீம் போடுவேன். அவ்ளோதான்."

கிரிக்கெட் ஆட்டத்துக்கு முன் பதினொருவரைக் கைபேசிச் செயலியில் தேர்ந்தெடுத்து, அவர்கள்மேல் பணம் கட்டுவதற்கு டீம் போடுதல் என்று பெயர். தோற்றால் பணம் போகும். பெயர் மட்டும் கெடாது.

வளவன் குரலைத் தாழ்த்தினார். "பேரு வருமா மேடம்? ஊசி விஷயம் தெரிஞ்சா அம்மா வூட்டுல சேக்காதுங்க."

"வராதுங்க."

"அப்ப எழுதிக்குங்க."

பழைய வினாத்தாள்களைக் கட்டி மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக அச்சிட்டார் பாயிஜா. 'சைக்கிளில் இருக்கிறீர்களா? டீம் போடுவீர்களா?' நெய்வேலி ஒரே வாரத்தில் வைகுண்டப் பதவியை இழந்தது. சைக்கிளில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே டீம் போட்டார்கள். எது எதற்குக் காரணம் என்பது மட்டும் விளங்கவில்லை; விளங்கவில்லை என்றே எழுதினார்.

2024 ஏப்ரலில் குழு கூடியது. உறுப்பினர் பேராசிரியர் அய்யாசாமி வினாத்தாளை இரு விரல்களால் தூக்கிப் பிடித்தார்.

"ஆய்வேட்டுல 'டீம்' என்னம்மா 'டீம்'? சூதாட்டம்னு நல்ல தமிழ்ச்சொல் இருக்கு. அதைப் போட்டு மறுபடி எடுத்துக்கிட்டு வா."

மறுபடி எடுக்கக் காலம் இல்லை. பாயிஜா எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்க சூதாடுவீங்களா?"

"என்ன பேச்சும்மா இது! எங்க பரம்பரையிலேயே கிடையாது."

"நேத்து மேட்ச்சுக்கு டீம் போட்டீங்களாங்க?"

"போட்டேன். கேப்டனைத்தான் தப்பா வெச்சுட்டேன், இல்லைன்னா..."

அய்யாசாமி வினாத்தாளை மேசையில் வைத்தார். சக்கரபாணிக்குத் தண்ணீர் புரையேறியது. பிறகு ஒருவரும் சொல்லாராய்ச்சியில் இறங்கவில்லை. அய்யாசாமி ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்; வழக்கத்தைவிடச் சற்றுச் சிறிய கையெழுத்து.

பாயிஜா தமது ஆய்வேட்டை 2024 டிசம்பர் 11ஆம் நாள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தார்.