சங்குப்பூ நிறத் தாள்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கிலிருந்து புரதத்தைப் பிரித்து, உணவைப் பொதிய மெல்லிய தாள் செய்வதுதான் கல்லூரியில் என் ஆய்வு. மண்ணில் போட்டால் அது மக்கிவிடும். சங்குப்பூச் சாறு கலந்திருந்ததால், உள்ளே வைத்த மீன் கெட்டுப்போனால் நீலம் பச்சையாகிக் காட்டிக்கொடுக்கும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் என்னோடு ரயிலில் வந்த தோழி, அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் அவளுடைய மீன் குழம்பு டப்பாவின் மூடிக்கடியில் ஒரு துண்டை ஒட்டினேன். ரயில் குலுங்கிக் குழம்பு அதில் தெறித்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் தாள் சிவந்த ஊதாவாகிவிட்டது.

“இன்னாடி சொல்லுது உன் பேப்பரு?”

“தெரியலை” என்றேன். ஆய்வகத்தில் வெறும் மீனை வைத்துத்தான் பார்த்திருந்தேன்.

“புளி ஊத்தாம எவடி மீன் கொழம்பு வெக்கிறா? அதை நீ பேப்பருக்குச் சொல்லவே இல்லியா?”

புளிப்பு பட்டால் சங்குப்பூ நீலம் சிவக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். விழுப்புரம் வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

ஆனாலும் அந்தத் துண்டைத் துடைத்துக் காயவைத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு அவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். போன் நம்பரும் மாறிவிட்டது. போன வாரம் நோட்டைத் திறந்தால் தாளைக் காணோம். பூச்சி தின்றுபோட்ட ஊதாத் தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எதுவும் மிஞ்சாமல் மக்க வேண்டும் என்றுதான் மூன்று வருடம் உழைத்தேன். அந்த ஒரு துண்டு மட்டும் பிளாஸ்டிக்காக இருந்திருக்கலாம்.